இறங்காத எண்

புதன்கிழமை காலை ஒன்பது இருபத்தைந்துக்கு இயந்திரம் காட்டிய எண் ஐந்து புள்ளி எட்டு. குசுமகுமாரி அதைத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு, அறுவைப் பிரிவுக்குத் தொலைபேசியிலும் சொல்லிவிட்டாள். எண்ணைச் சொல்வது ஆய்வகத்தின் வேலை. அதைப் பார்த்துக் கத்தி எடுப்பதா வேண்டாமா என்பது டாக்டர் பாப்பாராயுடுவின் வேலை. பதினேழு வருடமாக அவள் அந்த வரப்பைத் தாண்டியதில்லை.

நோயாளி சூரிபாபுவுக்கு நாற்பத்து மூன்று வயது. உப்புட்டேறு என்கிற ஓடைக்குத் தெற்கே ஓர் இறால் குளத்தில் காவலும் அவன்தான், தீனி போடுவதும் அவன்தான். போன வெள்ளிக்கிழமை அறுவடை. வலை இழுக்கக் குளத்தில் இறங்கினவனுக்குக் கெண்டைக்காலில் ஓர் இறாலின் மூக்கு முள் குத்தியது. குளத்து ஆட்களுக்கு அது கொசுக்கடிக்குச் சமம். மஞ்சளை வைத்து அழுத்திவிட்டுப் போய்ப் படுத்தான். ஞாயிற்றுக்கிழமை கால் முழங்கால் வரை வீங்கிப் பளபளத்தது; ஊதா நிறத்தில் கொப்புளங்கள் கிளம்பின; போர்வை பட்டாலும் அலறினான். சர்க்கரை வியாதி வேறு. திங்கட்கிழமை காலை அவன் மனைவி மாணிக்யமும் அவனைப் 'பாவா' என்று கூப்பிடுகிற அவள் தம்பி வெங்கன்னாவும் ஆட்டோவில் போட்டுக்கொண்டு வந்து சேர்த்தார்கள்.

இந்த மாதிரி கால்கள் இந்த மருத்துவமனைக்குப் புதிதல்ல. சுற்றிலும் இருபது மைலுக்கு உப்புத்தண்ணீர்க் குளங்கள். கோடையில் மாதம் இரண்டாவது வந்துவிடும். வெளியே பார்த்தால் வெறும் வீக்கம், உள்ளே சதை அழுகிக்கொண்டிருக்கும். அதைத் தோலுக்கு வெளியே நின்று கண்டுபிடிக்க டாக்டர் பாப்பாராயுடு ரத்தத்தைக் கேட்பார். வெள்ளணு, சோடியம், சர்க்கரை என்று ஆறு எண்கள். ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போட்டுக் கூட்ட வேண்டும். மொத்தம் பதின்மூன்று, எட்டைத் தொட்டால் காத்திருக்கக் கூடாது. சூரிபாபுவுக்குப் பன்னிரண்டு வந்தது. அந்தக் காய்ச்சலிலும் அவன், "பள்ளிக்கூடத்துல இந்த மார்க் வாங்கியிருந்தா நான் ஏன் இறாலுக்குத் தீனி போடப் போறேன்" என்றானாம். அன்று மதியமே கெண்டைக்காலைத் திறந்து அழுகினதையெல்லாம் அறுத்து எடுத்துவிட்டார்கள்.

அறுவைக்குப் பிறகு டாக்டர் ஏழாவதாக ஓர் எண்ணைப் பார்ப்பார். லாக்டேட். உடம்புக்குள் சதை மூச்சுமுட்டும்போது ரத்தத்தில் சேருகிற அமிலம் அது. சுத்தம் செய்த பிறகு அது இறங்க வேண்டும். ஏறினால், உள்ளே இன்னும் எங்கோ அழுகிக்கொண்டிருக்கிறது என்று பொருள். போன தீபாவளி சமயத்தில் ஒரு கணக்கு வாத்தியாருக்கு அந்த எண் ஏறிற்று. கால் பார்வைக்கு நன்றாகத்தானே இருக்கிறது என்று டாக்டர் ஒரு நாள் பொறுத்தார். மறுநாள் வாத்தியார் இல்லை. அதற்குப் பிறகு அவர் ஏறின எண்ணோடு வாதாடுவதில்லை. கால் சொல்லாததை ரத்தம் சொல்லும் என்பார்.

சூரிபாபுவுக்குத் திங்கட்கிழமை நாலு புள்ளி ஒன்பது. செவ்வாய் மூன்று புள்ளி நாலு. இன்றைக்கு ஐந்து புள்ளி எட்டு.

பத்து மணிக்கு அறுவைப் பிரிவிலிருந்து சீட்டு வந்தது. இரண்டு பை ரத்தம் பொருத்திப் பார்த்துத் தயாராக வைக்க வேண்டும். பதினோரு மணிக்குத் தியேட்டர். வலது கால், முழங்காலுக்கு மேலே. மாணிக்யம் கையெழுத்துப் போட்டுவிட்டாள் என்று சீட்டைக் கொண்டுவந்த ஆயா சொன்னாள். போடும்போது பேனா மூன்று தடவை கீழே விழுந்ததாம்.

குசுமகுமாரி ரத்தப் பைகளுக்கு வேண்டியதைச் செய்துவிட்டு, வழக்கம்போல மூன்று நாள் தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பதிவேட்டில் எழுதத் தொடங்கினாள். அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. முந்நூற்றுப் பத்திலிருந்து நூற்று முப்பத்தெட்டுக்கு வந்திருந்தது. வெள்ளணு இருபத்தேழாயிரத்திலிருந்து பத்தொன்பதாயிரம். சிறுநீரகம் தேறிக்கொண்டு வந்தது. தாழ்ந்து கிடந்த சோடியம் ஏறிக்கொண்டிருந்தது. அவள் எழுதிக்கொண்டே வந்து லாக்டேட்டுக்கு வந்ததும் பேனா நின்றது. வீட்டில் எல்லோரும் பொழுது விடிந்து படியிறங்கி வரும்போது ஒருவன் மட்டும் மாடிக்கு ஏறிக்கொண்டிருந்தால் எப்படி?

நடக்காதது அல்ல. சி.ஆர்.பி. மெதுவாக நடக்கிறது, லாக்டேட் ஓடுகிறது. கெட்ட சேதி முதலில் அதன் வழியாகத்தான் வரும். டாக்டரும் அப்படித்தான் எண்ணியிருப்பார். ஆனாலும் அவளுக்கு இன்னொன்று ஞாபகம் வந்தது. காலையில் அந்தக் குழாயைக் கையில் வாங்கியபோது அது வெதுவெதுப்பாக இருந்தது. கையுறைக்கு மேலேயே தெரிந்தது. வாசலில் அத்தனை கூட்டம். இயந்திரத்தில் செருகினால் போதும் என்று இருந்துவிட்டாள்.

அந்த ரத்தத்தோடு வந்த சீட்டைத் தேடி எடுத்தாள். ரத்தம் எடுத்த நேரம் என்று ஒரு கட்டம் உண்டு. அது காலியாக இருந்தது.

ஜன்னலுக்கு மேலே அவள் கையாலேயே எழுதி ஒட்டியிருந்த அட்டை தலைக்கு மேல் தொங்கிக்கொண்டிருந்தது. 'நேரம் எழுதாத குழாய் வாங்கப்பட மாட்டாது.' வாங்கினது யார்? அவள்தான்.

வார்டுக்குத் தொலைபேசி செய்தாள். ரத்தம் எடுத்த நர்ஸ் வேலை முடிந்து போயிருந்தாள். இருந்தவள் ஏட்டைப் பார்த்துச் சொன்னாள். ரத்தம் எடுத்தது ஆறு மணிக்கு. அப்போதே விரல் நுனியில் குத்திச் சர்க்கரை பார்த்ததில் நூற்று ஐம்பத்தெட்டு. குசுமகுமாரி தன் தாளைப் பார்த்தாள். அதே ஆள், அதே ஆறு மணி. அவள் இயந்திரத்தில் சர்க்கரை நூற்றுப் பதினெட்டு.

நாற்பது குறைகிறது. அது எங்கே போயிற்று?

ரத்தம் குழாய்க்குள் வந்துவிட்டாலும் செத்துப்போவதில்லை. அதிலுள்ள அணுக்களுக்குப் பசிக்கும். சர்க்கரையைத் தின்று அமிலத்தைக் கக்கிக்கொண்டே இருக்கும். வெள்ளணு கூடுதலாக இருந்தால் பந்தி இன்னும் பெரிது. சூடு இருந்தால் சாப்பாடு இன்னும் வேகம். அதைத் தடுக்க மருந்து தடவிய சாம்பல் மூடிக் குழாய்கள் உண்டு. மாவட்டக் கிடங்கில் அவை தீர்ந்து ஒரு மாதமாகிறது. வருகிற வரைக்கும், லாக்டேட்டுக்கு எடுக்கிற ரத்தத்தைக் கண்ணாடித் தம்ளரில் ஐஸ் போட்டு அதற்குள் நிறுத்திக் கால்மணி நேரத்துக்குள் கொண்டுவர வேண்டும் என்று ஏற்பாடு. இது ஒன்பது ஐந்துக்கு வந்திருக்கிறது. ஐஸ் இல்லாமல் வந்திருக்கிறது.

ஆனால் விரல் நுனி மீட்டரும் இருபது முப்பது தப்பக்கூடியதுதான். அதை மட்டும் நம்பி டாக்டரிடம் போக முடியாது. குழாய் எப்படி வந்தது என்று கொண்டுவந்தவனையே கேட்க வேண்டும். மணி பத்து இருபது.

இங்கே ரத்தத்தை ஆய்வகத்துக்குக் கொண்டுவருவது நோயாளியின் ஆட்கள்தான். வார்டில் இருக்கிற ஒரு ஆயா எத்தனை பேருக்கு ஓடுவாள்? வெங்கன்னா தியேட்டர் படிக்கட்டுக்குக் கீழே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். முப்பது வயது இருக்கும். குளத்து வெயிலில் கறுத்த கழுத்து, மேலே இரண்டு பொத்தான் இல்லாத சட்டை. பக்கத்தில் மாணிக்யம் முந்தானையை வாயில் கடித்துக்கொண்டிருந்தாள். காலையில் வாங்கின பெசரட்டு தோசைப் பொட்டலம் பிரிக்காமலே இருந்தது.

குசுமகுமாரி அதட்டாமல் கேட்டாள். நர்ஸ் ஐஸ் தம்ளரில் வைத்துத்தானே கொடுத்தாள்?

"ஆமாங்க மேடம். ஐஸைக் கொட்டிட்டேன்." வெங்கன்னா எழுந்து நின்றான். நல்ல காரியம் செய்தவன் குரல் அது. "எங்களுக்குத் தெரியாதா? இறாலுக்கு நோவு வந்தா பஜார்ல இருக்கற அக்வா லேபுக்கு நான்தான் எடுத்துட்டுப் போவேன். செத்ததைக் கொண்டுபோனா திருப்பி அனுப்பிடுவான். உயிரோட கொண்டா, அப்பத்தான் என்ன நோவுன்னு தெரியும்பான். ஐஸுல போட்டா இறால் அஞ்சு நிமிஷம் தாங்காது. பாவா ரத்தம் மட்டும் தாங்குமா? உடம்புச் சூட்டுலயே உயிரோட இருக்கட்டும்னு இங்க வெச்சிக்கிட்டேன்." சட்டையின் இடது பையைத் தட்டிக் காண்பித்தான்.

"எவ்வளவு நேரம் வெச்சிருந்த?"

ஆறேகாலுக்கே ஆய்வகத்துக்கு வந்துவிட்டானாம். பூட்டியிருந்தது. அவசரப் பிரிவில் இரவு ஆய்வகம் உண்டென்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. படியில் உட்கார்ந்தான். எட்டு மணிக்குத் திறந்தபோது அவன்தான் முதல் ஆள். ஆனால் புதன்கிழமை பிள்ளைத்தாய்ச்சிகள் நாள். பதினைந்து இருபது பேர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார்கள். அவர்களை நிறுத்திவைத்துவிட்டு ஆம்பிளை முன்னால் போவது அழகில்லை என்று எல்லோரையும் முன்னால் விட்டு, கடைசியாகக் குழாயைக் கொடுத்திருக்கிறான்.

மூன்று மணி நேரம். இந்தக் கத்திரி வெயிலில், நெஞ்சோடு ஒட்டின சட்டைப் பையில்.

மாணிக்யத்துக்குப் பாதி புரிந்துவிட்டது. முந்தானை வாயிலிருந்து விழுந்தது. "ஏன்டா, உங்க பாவா என்ன இறாலாடா? என்னடா பண்ணித் தொலைச்ச?"

"அவனைத் திட்டாத. ஐஸ் எதுக்குன்னு அவனுக்கு யாரும் சொல்லல. சூடா இருந்ததை வாங்கி மெஷின்ல போட்டவ நான்," என்றாள் குசுமகுமாரி. பிறகு மாணிக்யத்தின் தோளைத் தொட்டு, மறுபடி ரத்தம் எடுத்துப் பார்க்கப் போவதாகவும், அதுவரை எதையும் நம்பிவிட வேண்டாம், எதையும் கைவிட்டும் விட வேண்டாம் என்றும் சொன்னாள். சொல்லிவிட்டுப் படியேறினாள். குழாய் தப்பாக வந்தது நிஜம். ஆனால் தப்பான குழாயில் சரியான சேதியும் இருந்திருக்கலாம். சூரிபாபுவின் காலில் இன்னும் அழுகல் இருந்து, இவள் பேச்சால் அரை மணி தாமதித்து, அந்த அரை மணி அவன் உயிரைக் கொண்டுபோனால்?

டாக்டர் பாப்பாராயுடு தியேட்டர் வாசலில் செருப்பு மாற்றிக்கொண்டிருந்தார். குசுமகுமாரி சுற்றி வளைக்கவில்லை. நேரம் எழுதாத குழாயை வாங்கினது, சூடாக இருந்ததைக் கவனித்தும் விட்டது, மூன்று மணி நேரச் சட்டைப் பை, காணாமல்போன நாற்பது சர்க்கரை, இறங்கி வரும் மற்ற எண்கள் என்று வரிசையாகச் சொன்னாள். அவர் ஒரு காலில் செருப்போடு கேட்டுக்கொண்டிருந்தார்.

"ராத்திரி அவனுக்கு பிரஷர் இறங்கிச்சு, தெரியுமா உனக்கு? வீக்கம் தொடைல ரெண்டு விரக்கடை ஏறின மாதிரியும் இருக்கு, ஏறாத மாதிரியும் இருக்கு. அந்த எண்ணைப் பார்த்துத்தான் நான் முடிவு பண்ணேன்."

"தெரியும் சார். அந்த எண்ணை நம்பாதீங்கன்னுதான் சொல்றேன். என்னோட எண் அது. தப்பு என்மேல."

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். கணக்கு வாத்தியாரை நினைக்கிறார் என்று அவளுக்குத் தெரிந்தது. பிறகு மற்றச் செருப்பையும் போட்டுக்கொண்டார்.

"பதினொண்ணுக்கு நான் கை கழுவிட்டு நிப்பேன். அதுக்குள்ள வேற எண் கொண்டா. மூணுக்கு மேல இருந்துச்சுன்னா ஒரு பேச்சும் இல்ல."

மணி பத்து முப்பத்தாறு.

சூரிபாபுவைத் தள்ளுவண்டியில் பச்சைத் துணி போர்த்திப் படுக்க வைத்திருந்தார்கள். அவள் தியேட்டர் குளிர்ப்பெட்டியிலிருந்து ஐஸை வாங்கித் தம்ளரில் நிரப்பிப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். அவன் பயத்தில் கையை இறுக்கி மடக்கிக்கொண்டான். கையை விரித்து வைக்கச் சொன்னாள். இறுக்கினால் அதிலும் லாக்டேட் ஏறும். ரப்பர் பட்டையும் கட்டவில்லை. நரம்பை விரலால் தடவியே கண்டுபிடித்தாள்.

"மேடம்," என்றான் அவன், உலர்ந்த உதட்டை நக்கிக்கொண்டு. "சங்கராந்திச் சண்டைக்கு வளக்கற சேவல் ஒண்ணு இருக்கு. இத்தனை நாள் அதைப் புடிக்க நான் தொரத்தினேன். ஒத்தக் கால்னு தெரிஞ்சா இனிமே அது என்னைத் தொரத்தும்."

அவளுக்குச் சிரிக்கவும் முடியவில்லை. "கையை விரிச்சே வை," என்று மட்டும் சொன்னாள். விரல் நுனியிலும் ஒரு சொட்டு எடுத்து மீட்டரில் வைத்துப் பார்த்தாள். நூற்று ஐம்பத்து நாலு. குழாயின் மேல் நேரத்தை எழுதினாள்: பத்து நாற்பத்திரண்டு. கொட்டை எழுத்தில் எழுதினாள்.

தியேட்டரிலிருந்து ஆய்வகத்துக்கு இருநூறு அடி இருக்கும். வெங்கன்னா பின்னாலேயே வந்தான். தம்ளரைத் தான் வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினவன், என்ன நினைத்தானோ, பின்னுக்கு இழுத்துக்கொண்டான். வாசலில் நின்றுவிட்டான். உள்ளே ரத்தத்தைச் சுழற்றி, பிரித்து, இயந்திரத்தில் செருகினாள். அது தனக்கு ஆகிற நேரத்தை எடுத்துக்கொண்டது. சுவர்க்கடிகாரத்தின் முள் ஒவ்வொரு நிமிடத்துக்கும் ஒரு முறை விக்கினது.

இரண்டு புள்ளி நாலு.

அவள் நம்பவில்லை. மிச்சம் இருந்ததை இன்னொரு முறை போட்டாள். காலையில் ஒரே முறை பார்த்துக் கையெழுத்துப் போட்டவள், இப்போது இரண்டு முறை பார்த்தாலும் பத்தாது போலிருந்தது. இரண்டு புள்ளி மூன்று. சர்க்கரை நூற்று ஐம்பத்தொன்று, மீட்டரோடு ஒத்துப்போயிற்று. இந்தக் குழாயிலிருந்து எதுவும் காணாமல்போகவில்லை.

மணி பத்து ஐம்பத்தெட்டு. தொலைபேசியை எடுத்து எண்ணைச் சொன்னாள். அந்தப் பக்கம் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. யாரோ ரிசீவரை டாக்டரின் காதருகே பிடித்திருக்க வேண்டும். தண்ணீர் நின்றது.

"ரெண்டு தரம் போட்டியா?"

"போட்டேன் சார்."

"சர்க்கரை?"

சொன்னாள். அவர் மூச்சு விட்டது காதில் காற்றாகவே பட்டது. "சரி. கட்டைப் பிரிச்சுக் கண்ணால பார்த்துடறேன். ரத்தப் பை ரெண்டையும் திருப்பி உன் பெட்டில வை," என்றார்.

அவள் ரிசீவரை வைத்தாள். முக்காலியை இழுத்து உட்கார்ந்தாள். வாசலில் வெங்கன்னா இன்னும் நின்றுகொண்டிருந்தான், கேட்கத் தைரியம் இல்லாமல். நல்ல சேதிதான் என்று அவள் தலையை ஆட்டினாள். அவன் அங்கேயே சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து அழ ஆரம்பித்தான். ஜன்னல் வரிசையில் நின்ற பெண்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அவர்களில் ஒருத்தி தன் தண்ணீர்ப் பாட்டிலை நீட்டினாள்.

பன்னிரண்டரைக்குச் சூரிபாபு வார்டுக்குத் திரும்பினான், இரண்டு காலோடு. கட்டைப் பிரித்துப் பார்த்ததில் ஓரத்தில் நகக்கண் அளவு கறுத்த சதை. அதை மட்டும் சீவிவிட்டு, மற்ற இடமெல்லாம் தொட்டால் சிவப்பாக ரத்தம் கசிகிறது, உயிரோடு இருக்கிறது என்று டாக்டர் மாணிக்யத்திடம் சொன்னாராம். தொடை வீக்கத்தைச் சுற்றிப் பேனாவால் கோடு போட்டு, அதைத் தாண்டினால் கூப்பிடச் சொல்லியிருந்தார். அது தாண்டவில்லை. மாணிக்யம் ஆறின பெசரட்டைப் பிரித்துப் பாதியைத் தம்பியின் வாயில் திணித்து, "தின்னுடா இறால் டாக்டரே," என்றாள்.

சாயங்காலம் குசுமகுமாரி ஜன்னல் அட்டையைக் கழற்றி வேறு எழுதினாள். நேரம் எழுதாத குழாய் வாங்கப்பட மாட்டாது என்பதோடு, ஐஸில் வைத்த ரத்தத்தை ஐஸிலேயே கொண்டுவர வேண்டும், ஐஸில் ரத்தம் கெட்டுப்போகாது, ஐஸ் இல்லாவிட்டால்தான் கெடும், காத்திருக்காமல் ஜன்னலில் சத்தம் போட்டுக் கூப்பிடவும், இரவில் அவசரப் பிரிவுக்குப் போகவும் என்று காரணத்தோடு எழுதினாள். ஒரு வரி இருந்த இடத்தில் ஏழு வரி வந்தது. அதன் கீழே தன் பெயரையும் போட்டாள்.

வியாழக்கிழமை காலை ஆறு பத்துக்கு அவசரப் பிரிவு ஆய்வகத்தின் முன்னால் சத்தம். அன்றைக்கு அவளுக்கு அங்கேதான் வேலை. வெளியே வந்து பார்த்தால் வெங்கன்னா இறால் ஏற்றுகிற பெரிய தெர்மாகோல் பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு நிற்கிறான். விடியற்காலையிலேயே ஐஸ் பேக்டரிக்குப் போய் வந்திருக்கிறான். மூடியைத் திறந்தால் இருபது கிலோ ஐஸ். நடுவில் ஒரு தம்ளர். தம்ளருக்குள் ஒரே ஒரு குழாய். குழாயின் மேல் ஆறு மணி இரண்டு நிமிடம் என்று எழுதியிருந்தது.

"இவ்வளவு வேண்டாம்ப்பா," என்றாள் அவள். "ஒரு கைப்பிடி போதும்."

"இருக்கட்டும் மேடம். கரையறதுக்கு இடம் விடக் கூடாதில்ல."

எண் ஒன்று புள்ளி எட்டு. மற்ற ஆறையும் கூட்டி மதிப்பெண் போட்டாள். மிச்ச ஐஸை ஆயாக்கள் தண்ணீர்ப் பானைகளுக்குப் பங்கு போட்டுக்கொண்டார்கள். அவள் தாளை எடுத்துக்கொண்டு தானே வார்டுக்குப் போனாள். ஆளிடம் கொடுத்தனுப்ப மனம் வரவில்லை. சூரிபாபு தலையணையில் சாய்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தான். கட்டுக்கு வெளியே தெரிந்த கால்விரல்களை அவளுக்காக அசைத்துக் காட்டினான்.

"இன்னிக்கு எத்தனை மார்க் மேடம்?"

"பதின்மூணுக்கு மூணு."

"அப்ப ஃபெயிலு."

"சுத்தமா ஃபெயில்."

சூரிபாபு கஞ்சித் தம்ளரை மாணிக்யத்திடம் கொடுத்துவிட்டு, சேவலுக்குக் கம்பு போட்டாயா என்று வெங்கன்னாவை அதட்ட ஆரம்பித்தான்.